அமிலக் கரைசலில் எந்த அயனி எவ்வளவு? ஐந்தொகை போட்டுப் பார்க்கும் முறை

பிஹெச் கண்டுபிடி என்று கேள்வி வந்தவுடன் கை லாக் டேபிளுக்குப் போகிறதென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். பிஹெச் என்பது ஹைட்ரஜன் அயனியின் செறிவுக்கு லாக் எடுத்துக் குறியை மாற்றினால் வரும் எண், அது கடைசி வரியில் வர வேண்டியது. அதற்கு முன்னால் கரைசலுக்குள் எந்தெந்த அயனி இருக்கிறது, ஒவ்வொன்றும் லிட்டருக்கு எத்தனை மோல் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், லாக் எடுப்பது அரை நிமிட வேலை. எழுதாமல் சூத்திரத்தைத் தேடிப் போனால் வலிமை மிகு அமிலத்துக்கு ஒன்று, வலிமை குறைந்ததற்கு ஒன்று, உப்புக்கு மூன்று, தாங்கல் கரைசலுக்கு (பிஹெச் லேசில் மாறாத கரைசலுக்கு) ஒன்று என்று மனப்பாடம் நீண்டுகொண்டே போகும், பரீட்சையில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஐந்தொகை என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை எடுக்கும்போது பற்றும் வரவும் காசு பிசகாமல் நேராக வேண்டும். நேராகவில்லை என்றால் எங்கோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அயனிக் கணக்கும் அப்படியே. எந்தக் கரைசலும் மொத்தத்தில் மின்சுமை இல்லாதது, ஆகவே நேர்மின் சுமைகளின் கூட்டுத்தொகையும் எதிர்மின் சுமைகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாகத்தான் வந்தாக வேண்டும். இதைப் பாடப்புத்தகம் ஓரிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது, மாணவர்களும் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் ப்ளஸ் டூ அயனிச் சமநிலைப் பாடம் முழுக்க இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆக, தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் நேர்மின் அயனிகள், வலது பக்கம் எதிர்மின் அயனிகள். கரைத்த பொருள் உடைந்து என்னென்ன தருகிறதோ அவை, அதோடு தண்ணீர் தன் பங்குக்குத் தரும் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும். தண்ணீரில் செய்த எந்தக் கரைசலானாலும், அமிலமோ காரமோ, இந்த இரண்டு பெயரும் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். கால்சியம் மாதிரி இரட்டைச் சுமை உள்ள அயனி என்றால் சுமையைக் கூட்டும்போது அதன் செறிவை இரண்டால் பெருக்குங்கள், இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

தண்ணீரின் பங்கு எவ்வளவு? 25 டிகிரி செல்சியஸில் சுத்தத் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி 10⁻⁷ மோலார், அதாவது லிட்டருக்கு 10⁻⁷ மோல், ஹைட்ராக்சைடு அயனியும் அதே 10⁻⁷. ஒரு லிட்டர் தண்ணீரில் 55.5 மோல் தண்ணீர் மூலக்கூறுகள் இருப்பதால், 55 கோடிக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளில் ஒன்றுதான் எந்த நேரத்திலும் உடைந்து கிடக்கிறது. இரண்டு செறிவையும் பெருக்கினால் வரும் 10⁻¹⁴ தான் நீரின் அயனிப் பெருக்கம். அமிலத்தைக் கொட்டினாலும் காரத்தைக் கொட்டினாலும் வெப்பநிலை மாறாதவரை இந்தப் பெருக்கம் மாறாது, ஒன்று ஏறினால் மற்றது அதே விகிதத்தில் இறங்கும். ஆனால் வெப்பநிலை ஏறினால் பெருக்கமும் ஏறும். 40 டிகிரியில், அதாவது சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியில் கிடக்கும் தண்ணீரின் சூட்டில், அது சுமார் 2.9 × 10⁻¹⁴. வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனி 1.7 × 10⁻⁷, பிஹெச் 6.77. அதற்காகத் தண்ணீர் புளித்துப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஹைட்ராக்சைடு அயனியும் அதே 1.7 × 10⁻⁷ தான் இருக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் நடுநிலை. 7 என்ற எண் 25 டிகிரிக்கு மட்டும்தான்.

சரி, முதலில் சுலபமானது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தண்ணீரில் போட்டதும் முழுசாக உடையும். 0.01 மோலார் என்றால் குளோரைடு 0.01, ஹைட்ரஜன் அயனி 0.01, ஹைட்ராக்சைடு 10⁻¹⁴ ஐ 0.01 ஆல் வகுத்து 10⁻¹². இடது பக்கம் 0.01, வலது பக்கம் 0.01 உடன் ஒன்றுமில்லாத ஒரு 10⁻¹². நேராகிவிட்டது, பிஹெச் 2. லேபில் வாங்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 37 சதவீதம், அடர்த்தி 1.19, அதைக் கணக்குப் போட்டால் 12 மோலார் வரும். 250 மி.லி. 0.1 மோலார் கரைசல் வேண்டும் என்றால் 0.1 × 250 ஐ 12 ஆல் வகுத்து 2.1 மி.லி. எடுங்கள், முதலில் குடுவையில் தண்ணீர், பிறகு அமிலம், கடைசியில் 250 கோடு வரை தண்ணீர். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், கந்தக அமிலத்தில் அப்படிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

அமிலமும் காரமும் கலக்கும் கணக்கில்தான் ஐந்தொகையின் அருமை தெரியும். 50 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 30 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றுகிறோம். மில்லிமோலில் வேலை செய்யுங்கள், மோலில் தசமப் புள்ளி கண்ணைக் கட்டும். அமிலம் 5 மில்லிமோல், காரம் 3. மூன்றும் மூன்றும் சேர்ந்து தண்ணீராகிவிட்டன, மிச்சம் ஹைட்ரஜன் அயனி 2 மில்லிமோல். மொத்தக் கன அளவு இப்போது 80 மி.லி., 50 அல்ல. ஹைட்ரஜன் அயனி 2/80 = 0.025. சோடியம் எங்கும் போகவில்லை, 3/80 = 0.0375. குளோரைடும் அப்படியே, 5/80 = 0.0625. இடது பக்கம் 0.025 + 0.0375 = 0.0625. வலது பக்கம் 0.0625. பிஹெச் 1.60. கன அளவை 50 என்றே வைத்து 2/50 = 0.04 என்று எழுதியிருந்தால், சோடியமும் குளோரைடும் 80 இல் கிடக்க இது மட்டும் 50 இல் நிற்பதால் இடது பக்கம் 0.0775 என்று வந்து, எங்கோ பிசகு என்று தாளே காட்டிக்கொடுத்துவிடும். விடைத்தாளைப் புரட்டிப் பார்க்காமலே நம் விடை சரியா என்று நமக்கே தெரிவது சாதாரண விஷயமில்லை.

நீட் தேர்வில் பிடித்தமான ஒரு பொறி உண்டு: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் என்ன? 8 என்று எழுதினால் அமிலம் காரமாகிவிட்டது என்று அர்த்தம், அது எப்படி? ஐந்தொகை எழுதுங்கள். ஹைட்ரஜன் அயனி = குளோரைடு + ஹைட்ராக்சைடு. குளோரைடு 10⁻⁸, ஹைட்ராக்சைடு 10⁻¹⁴ ஐ ஹைட்ரஜன் அயனியால் வகுத்தது. இருபடிச் சமன்பாடாக்கித் தீர்த்தால் ஹைட்ரஜன் அயனி 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98. அமிலத்தின் செறிவு 10⁻⁶ க்குக் கீழே போனாலே தண்ணீரின் பங்கை விடக்கூடாது, அதற்கு மேலே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.

இனி காரம். இதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடைவிட நம் ஊர்ச் சுண்ணாம்பு நல்ல உதாரணம். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் கையை வைத்தால் வழுக்குகிறதே, அந்தப் பூச்சுக்கு அடிப்படை நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதில் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் என்று சேர்மானம் கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெற்றிலையில் தடவுவதும் அதே பொருள்தான். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு ராத்திரி வைத்துவிட்டால் மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவில் லிட்டருக்கு சுமார் 1.6 கிராம்தான் 25 டிகிரியில் கரைந்திருக்கும், நீங்கள் கரண்டியால் போட்டாலும் கூடையால் கொட்டினாலும் மிச்சமெல்லாம் அடியில்தான் கிடக்கும். சூடாக்கினால் இன்னும் கரையும் என்று நினைக்காதீர்கள், சுண்ணாம்பு அந்த விஷயத்தில் ஏறுமாறு, சூட்டில் கரைதிறன் குறையும்.

1.6 ஐ மூலக்கூறு எடை 74 ஆல் வகுத்தால் 0.0216 மோலார். கால்சியம் அயனி 0.0216. ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு, ஆகவே ஹைட்ராக்சைடு 0.0432. ஹைட்ரஜன் அயனி 10⁻¹⁴ ஐ 0.0432 ஆல் வகுத்து 2.3 × 10⁻¹³. ஐந்தொகையில் கால்சியத்தின் சுமை இரண்டு, எனவே இடது பக்கம் 2 × 0.0216 = 0.0432, வலது பக்கம் 0.0432, நேர். பிஹெச் 12.64.

ஆனால் பிஹெச் மீட்டரை விட்டுப் பார்த்தால் 12.45 காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. தெவிட்டிய சுண்ணாம்பு நீர் 25 டிகிரியில் 12.45 என்பது, மீட்டரைச் சரிபார்ப்பதற்கே பயன்படுத்தும் அளவு. நம் கணக்கு ஒவ்வொரு அயனியும் தனித்துத் திரிகிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. நிஜத்தில் இரட்டைச் சுமையுள்ள கால்சியம் பக்கத்தில் இருக்கும் ஹைட்ராக்சைடுகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, சிலவற்றோடு ஜோடியாகவே ஒட்டிக்கொள்கிறது. மீட்டருக்குத் தெரிவது சுதந்திரமாக வேலை செய்யும் பங்கு மட்டும். பரீட்சையில் 12.64 எழுதுங்கள், வேலைக்குப் போன பிறகு 12.45 ஐ நம்புங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு மஞ்சள் இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் ரத்தச் சிவப்பாகிறது இல்லையா, மஞ்சளின் நிறம் பிஹெச் 8 ஐ ஒட்டி மாறத் தொடங்கும். அதாவது ஹைட்ராக்சைடு 10⁻⁶ மோலாரைத் தாண்டிவிட்டது என்பதற்கு அந்தச் சிவப்பு சாட்சி. சுண்ணாம்புத் தெளிவை எத்தனை மடங்கு நீர்த்தால் சிவப்பு போகும் என்று கணக்குப் போடலாம்: 0.0432 லிருந்து 10⁻⁶ க்கு வர நாற்பதாயிரம் மடங்குக்கு மேல். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாமலே போய்விடும், காரணம் காற்றிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். பழைய வீட்டுச் சுவரிலும் நடந்தது இதுதான். பூசிய புதிதில் 12 க்கு மேலே இருந்த பூச்சு, வருஷக்கணக்கில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மேலிருந்து உள்நோக்கி கால்சியம் கார்பனேட்டாக இறுகியிருக்கிறது. உடைந்த பூச்சுத் துண்டின் புது முறிவில் பீனால்ப்தலீன் சொட்டு விட்டால் உள்ளே இன்னும் ஹைட்ராக்சைடு மிச்சமிருக்கும் இடம் மட்டும் இளஞ்சிவப்பாகும், கார்பனேட்டாகிப்போன இடம் நிறமில்லாமல் நிற்கும். கான்கிரீட்டைச் சோதிக்கும் பொறியாளர்களும் இதே சொட்டைத்தான் விடுகிறார்கள்.

வலிமை குறைந்த அமிலத்துக்கு வருவோம், எல்லோரும் தடுமாறும் இடம். இங்கே அமிலம் முழுசாக உடையாது, எவ்வளவு உடையும் என்பதைப் பிரிகை மாறிலி தீர்மானிக்கும். உடைந்த இரண்டு துண்டுகளின் செறிவையும் பெருக்கி, உடையாமல் நிற்பதன் செறிவால் வகுத்தால் அந்த மாறிலி வர வேண்டும். புளியை எடுத்துக்கொள்வோம், அதில் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். எலுமிச்சை அளவு புளி ஒன்று, சுமார் 30 கிராம், அதில் பத்தில் ஒரு பங்கு டார்டாரிக் அமிலம் என்று வைத்தால் 3 கிராம், ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 15 கிராம், மூலக்கூறு எடை 150, ஆக 0.1 மோலார். குழம்புக்குக் கரைக்கும் புளித்தண்ணீர் கணக்குக்கென்றே அளந்து வைத்த மாதிரி அமைந்துவிடுகிறது.

முதல் பிரிகை மாறிலி சுமார் 1.0 × 10⁻³. உடைந்தது எக்ஸ் என்றால் எக்ஸ் வர்க்கம் வகுத்தல் (0.1 − எக்ஸ்) = 0.001. குறுக்கு வழியில் கீழே உள்ள எக்ஸை விட்டுவிட்டால் எக்ஸ் = 0.01. இப்போது நின்று பாருங்கள்: 0.01 என்பது 0.1 இல் பத்து சதவீதம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால்தான் குறுக்கு வழி செல்லும், இது செல்லாது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 0.0095, பிஹெச் 2.02. வித்தியாசம் பிஹெச்சில் வெறும் 0.02 தானே என்பீர்கள், ஆனால் அயனிச் செறிவு கேட்டிருந்தால் ஐந்து சதவீதப் பிழை. அசிட்டிக் அமிலத்துக்கு, மாறிலி 1.8 × 10⁻⁵, இதே 0.1 மோலாரில் குறுக்கு வழி தாராளமாகச் செல்லும், ஹைட்ரஜன் அயனி 1.34 × 10⁻³, பிஹெச் 2.87. அதையே 0.001 மோலாராக நீர்த்துப் பாருங்கள், உடையும் பங்கு பதிமூன்று சதவீதத்தை எட்டும், குறுக்கு வழி மறுபடி அடைபடும். நீர்க்க நீர்க்க உடையும் பங்கு கூடும், செறிவு குறையும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டார்டாரிக் அமிலத்துக்கு இரண்டாவது ஹைட்ரஜனும் உண்டு, அதன் மாறிலி சுமார் 4.6 × 10⁻⁵. பயப்பட ஒன்றுமில்லை. முதல் படியில் வந்த ஹைட்ரஜன் அயனியும் ஒற்றைச் சுமை டார்டரேட்டும் கிட்டத்தட்ட சமம் என்பதால் இரண்டாவது மாறிலியின் சூத்திரத்தில் அவை ஒன்றையொன்று அடித்துவிடும், இரட்டைச் சுமை டார்டரேட்டின் செறிவு அப்படியே 4.6 × 10⁻⁵ என்று வந்து நிற்கும். இது சுத்தமான அமிலக் கரைசலுக்கு மட்டும், வேறு உப்பு ஏதும் கலந்திருக்கக் கூடாது.

நிஜப் புளியில்தான் கலந்திருக்கிறதே. புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. ஐந்தொகையில் பொட்டாசியம் என்ற புதுப் பெயர் இடது பக்கம் ஏறுகிறது: ஹைட்ரஜன் அயனி + பொட்டாசியம் = ஒற்றைச் சுமை டார்டரேட், இரட்டைச் சுமையையும் ஹைட்ராக்சைடையும் சிறியது என்று விட்டுவிட்டால். பொட்டாசியம் 0.03 மோலார் என்று வைத்துக்கொள்வோம். டார்டரேட் 0.03 + எக்ஸ், உடையாத அமிலம் 0.07 − எக்ஸ். தீர்த்தால் எக்ஸ் 0.0021, பிஹெச் சுமார் 2.7. ஒரு பெயரைச் சேர்த்ததில் ஹைட்ரஜன் அயனி நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இதற்குத்தான் பொது அயனி விளைவு, தாங்கல் கரைசல் என்று தனித்தனித் தலைப்பு வைத்திருக்கிறார்கள்; ஐந்தொகை எழுதுகிறவனுக்கு எல்லாம் ஒரே கணக்கு.

மழை நீரையும் இப்படிப் போடலாம். நம் பக்கத்து வளவு வீடுகளில் ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைப்பார்கள், சுத்தமோ சுத்தம் என்பார்கள். சுத்தம்தான், ஆனால் நடுநிலை இல்லை. காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருப்பதால் மழைத்துளியில் சுமார் 1.4 × 10⁻⁵ மோலார் கரைந்திருக்கும், அது தரும் கார்போனிக் அமிலத்தின் முதல் பிரிகை மாறிலி 4.4 × 10⁻⁷. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனி 2.5 × 10⁻⁶, பிஹெச் 5.6. இங்கே ஐந்து சதவீத விதியைப் போட்டுப் பார்த்துவிட்டு, பதினெட்டு சதவீதம் உடைந்திருக்கிறது, குறுக்கு வழி தப்பு என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை, உடைய உடைய காற்று ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது, கீழே உள்ள 1.4 × 10⁻⁵ குறைவதே இல்லை, ஆகவே எதையும் கழிக்க வேண்டியதில்லை. மூடிய பாட்டில் வேறு, திறந்த அண்டா வேறு.

சில சில்லறைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். கந்தக அமிலத்தின் முதல் ஹைட்ரஜன் முழுசாக உடையும், இரண்டாவது முழுசாக உடையாது, அதன் மாறிலி 0.012, எனவே 0.01 மோலாரில் ஹைட்ரஜன் அயனி 0.02 அல்ல, 0.0145, பிஹெச் 1.84. சில கேள்விகளில் முழுசாக உடைவதாகக் கொள்க என்று இருக்கும், அப்போது மட்டும் 0.02. ஆப்ப சோடா கரைசல், அதாவது சோடியம் பைகார்பனேட், எவ்வளவு போட்டாலும் 8.3 பக்கமே நிற்கும், காரணம் கார்போனிக் அமிலத்தின் இரண்டு பிகேஏக்களின் (பிரிகை மாறிலிக்கு லாக் எடுத்துக் குறி மாற்றிய எண்கள்), 6.36 உம் 10.33 உம், நடுப்புள்ளி அது. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருக்கும் அமிலம் நாலரை மோலாருக்குப் பக்கம், பிஹெச் கழித்தல் குறியில் போகும், அங்கே இந்தச் சாதாரணக் கணக்கெல்லாம் நம்பத்தக்கதல்ல.

லாக் பற்றி ஒரு வார்த்தை. ப்ளஸ் டூவில் டேபிள் கிடைக்கும், நீட்டில் கால்குலேட்டரும் கிடையாது, டேபிளும் கிடையாது. லாக் 2 = 0.30, லாக் 3 = 0.48, லாக் 7 = 0.85, இந்த மூன்றும் போதும். 4 என்றால் இரண்டு 0.30, 5 என்றால் 1 இலிருந்து 0.30 கழித்து 0.70, 6 என்றால் 0.78. 2.5 × 10⁻⁶ வந்தால் 2.5 என்பது 10/4, லாக் 0.40, 6 இலிருந்து கழித்தால் 5.60. திரும்பிப் போகும்போதுதான் பிள்ளைகள் விழுவார்கள்: பிஹெச் 4.7 கொடுத்து அயனிச் செறிவு கேட்டால், −4.7 ஐ −5 + 0.3 என்று பிரியுங்கள், 2 × 10⁻⁵. முழு எண்ணை எப்போதும் அடுத்த பெரிய எண்ணுக்குத் தள்ளி மிச்சத்தை நேர் எண்ணாக்குங்கள். பிஹெச் ஒன்று கூடினால் செறிவு பத்தில் ஒன்றாகும், 0.3 கூடினால் பாதியாகும், இதை விரல் நுனியில் வைத்திருந்தால் பாதிக் கேள்விகளில் தேர்வுப் பட்டியலைப் பார்த்தே தவறான விடைகளைக் கழித்துவிடலாம்.

பிஹெச் அளவுகோலை 1909 இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் கொண்டுவந்தார். மீட்டர் உண்மையில் அளப்பது மின்னழுத்தத்தை: 25 டிகிரியில் ஒரு பிஹெச்சுக்கு 59 மில்லிவோல்ட். அயனியை மின்சாரமாகப் படிக்கும் இந்த மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது, வேறு எங்கும் தேட வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த சிக்ரிதான் அது. பேருந்தில் தினமும் அதன் வாசலைக் கடக்கிற பிள்ளைகளே அயனிச் சமநிலை கஷ்டம் என்று சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. மீட்டர் கையில் கிடைத்தால் 4, 7 அல்லது 7, 10 என்று, அளக்கப் போகும் மதிப்பின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு தாங்கல் கரைசல்களில் சரிசெய்துவிட்டு அளங்கள், கண்ணாடி முனையைத் துடைக்காமல் தண்ணீரில் அலசி ஒற்றி எடுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு பணத்தோடு சம்பந்தப்படுகிறது, ஆத்தங்குடிக் கல் தரை. அது சூளையில் சுட்ட ஓடு அல்ல; சிமெண்டும் மணலும் நிறச் சாயமும் கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது, அதாவது காரமும் கார்பனேட்டும். பாத்ரூமுக்கு வாங்கின ஆசிட்டை அதன் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டரில் ஹைட்ரஜன் அயனி 1 மோல், ஒரு கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க இரண்டு வேண்டும், ஆக அரை மோல், 50 கிராம் கல் போய்விடும். நுரை பொங்குவது அழுக்கு போவதால் அல்ல, தரையே கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிப் போவதால். பளபளப்பு போனால் திரும்ப வராது. புளித்தண்ணீர் சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள், வெறும் தண்ணீரும் துணியும் போதும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கைப்பழக்கத்துக்கு ஒன்று தருகிறேன். மேலே சொன்ன சுண்ணாம்புத் தெளிவு நீர் 20 மி.லி. எடுத்து, அதில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. விடுங்கள், நான்கு அயனிகளின் செறிவும் பிஹெச்சும் வேண்டும். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். ஹைட்ராக்சைடு 0.864 மில்லிமோல் இருந்தது, அமிலம் 0.5 ஐத் தின்றது, மிச்சம் 0.364, கன அளவு 25, ஆக 0.01456 மோலார். கால்சியம் 0.432 மில்லிமோல், 25 ஆல் வகுத்து 0.01728. குளோரைடு 0.02. ஹைட்ரஜன் அயனி 6.9 × 10⁻¹³, பிஹெச் 12.16. இடது பக்கம் 2 × 0.01728 = 0.03456. வலது பக்கம் 0.02 + 0.01456 = 0.03456. முழுதும் நடுநிலையாக இன்னும் 3.64 மி.லி. அமிலம் வேண்டும், அந்த இடத்தில் கால்சியமும் குளோரைடும் எவ்வளவு என்று நீங்களே எழுதிக் கூட்டிப் பாருங்கள், மொத்தக் கன அளவு 28.64 மி.லி.